பைபோலார், பருவம், சபை நாட்காட்டி: ஆண்டு முழுவதற்கும் ஒரு வழிகாட்டி

சென்னையில் ஜூன் மாதத்தின் நீளமான பகலுக்கும் டிசம்பரின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் அதுவே 9 மணி நேரத்தை நெருங்கும், டொராண்டோவில் ஆறரை மணி நேரம். பைபோலார் (மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பியும் சில காலம் தாழ்ந்தும் போகும் நோய்) உள்ளவர்களுக்குப் பருவம் மாறும்போது மனநிலை மாறுவது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் அந்தக் குளிர்நாட்டு வெளிச்சத்தை வைத்து எழுதப்பட்டவை. நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் இருப்பவருக்கு அவை பாதிதான் பொருந்தும். இங்கே பருவம் என்றால் சித்திரை வெயில், இரவில் போகும் கரண்ட், ஐப்பசி அடைமழை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இதன் மேல் இன்னொரு நாட்காட்டியும் ஓடுகிறது: லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) உபவாசம், ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை, மே மாத விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), வேளாங்கண்ணி நடைபயணம், டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ், 31 இரவு ஆராதனை.

இவற்றில் பலவும் தூக்கத்தையோ சாப்பாட்டையோ தொடுகின்றன. பைபோலாரில் தூக்கம் குறைவது மேனியா (மனம் மீறி எழும்பும் நிலை) வருவதற்கான அறிகுறி மட்டுமல்ல, மேனியாவைக் கிளப்பிவிடும் காரணமும் அதுவே. அதனால் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரின் பருவ மாற்றத்தைத் திட்டமிடும்போது வானிலையைவிடச் சபை நாட்காட்டியை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. குறித்த நேரத்து ஜெபமும் ஞாயிறு ஆராதனையும் நாளை ஒழுங்காக வைத்திருக்கும் வேலையையும் செய்யக்கூடியவை. எதை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் கீழே விளக்குகிறோம்.

இது ஏற்கெனவே நோய் உறுதியாகி மனநல மருத்துவரிடம் பார்த்துவருபவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். மாத்திரையின் அளவை மாற்றும் முடிவு எல்லா இடத்திலும் மருத்துவருடையது.

முதலில் மூன்று ஆண்டு வரைபடம்

ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 12 கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. கீழே மூன்று வரிசை, ஆண்டுக்கு ஒன்று. மேனியா அல்லது ஹைபோமேனியா (அதன் மிதமான வடிவம்) வந்த மாதத்தில் சிவப்பு, மனச்சோர்வு வந்த மாதத்தில் நீலம். எரிச்சலும் அழுகையும் வேகமும் ஒன்றாகக் கலந்து வந்திருந்தால் இரண்டு நிறமும். அதன் அடியில் பென்சிலால் அந்த மாதம் நடந்ததைக் குறியுங்கள்: உபவாசம், கன்வென்ஷன், கல்யாணம், இரவுப் பணி, பிரசவம், மாத்திரை மாற்றம், துக்கம்.

ஞாபகத்தை நம்பி மட்டும் இதைப் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், வாட்ஸ்அப்பில் நள்ளிரவுக்கு மேல் அனுப்பிய செய்திகள் எல்லாம் தேதி சொல்லும். காணிக்கை ரசீதுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வழக்கமாக 500 கொடுப்பவர் ஒரு ஏப்ரலில் 40,000 கொடுத்திருந்தால் அந்த மாதத்தைச் சிவப்பாக்க வேறு சாட்சி அதிகம் தேவையில்லை. வரைபடத்தைக் கணவரோ மனைவியோ அம்மாவோ பார்த்துத் திருத்தட்டும். மேனியாவின் தொடக்க வாரங்களை அனுபவித்தவர் பெரும்பாலும் 'நன்றாக இருந்த நாட்கள்' என்றே நினைவு வைத்திருப்பார்.

ஒரே மாதத்தில் ஒருமுறை வந்தது எதையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று ஆண்டு அதே பகுதியில் விழுந்தால்தான் ஒழுங்கு. எல்லோருக்கும் பருவ ஒழுங்கு இருக்கும் என்றும் இல்லை. சிலருக்கு வரைபடம் போட்டபின் தெரியவரும் உண்மை, மாதம் எதுவாயினும் ஒவ்வொரு சிவப்புக்கும் முன்னால் தூக்கம் கெட்ட ஒரு கூட்டம் இருந்தது என்பதே. அதுவும் பயனுள்ள விடைதான்.

இதோடு தினக்குறிப்பு ஒன்று. வேதப்புத்தகத்துக்குள் செருகி வைக்கிற அளவுக்கு ஒரு சிறு நோட்டு போதும். நாளுக்கு நான்கு விஷயம்: மனநிலை (மிகத் தாழ்வு −3, சமநிலை 0, மிக எழுச்சி +3), எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாத்திரை போட்டாயிற்றா, அன்று நேரம் தவறிய நிகழ்ச்சி ஏதாவது உண்டா. இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

ஐந்து நேரங்களைக் கட்டி வைப்பது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் எலன் ஃப்ராங்க் குழுவினர் பைபோலாருக்கென்றே உருவாக்கிய சமூக ஒழுங்குச் சிகிச்சையில் ஐந்து நேரங்களைக் குறித்து வைக்கச் சொல்வார்கள்: படுக்கையை விட்டு எழுவது, முதன்முதலில் இன்னொருவரோடு பேசுவது, வேலையோ படிப்போ வீட்டுப் பொறுப்போ தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுக்கப்போவது. வழக்கமான நேரத்திலிருந்து முன்னும் பின்னும் 45 நிமிடத்துக்குள் நடந்தால் சரி என்பது கணக்கு.

நம் வீடுகளில் இதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். எழுந்ததும் வாசல் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ வெளிச்சத்தில் 10 நிமிடம் காலை ஜெபம். தினமும் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர் என்றால் ஆறு மணிப் பூசைக்கு நடந்து போய் வருவது எழும் நேரம், வெளிச்சம், நடை, முதல் முகம் நான்கையும் ஒரே வீச்சில் முடித்துவிடும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்ப ஜெபம், அது முடிந்ததும் மாத்திரை, அடுத்து படுக்கை. மாத்திரையைக் குடும்ப ஜெபத்தோடு கோத்துவிட்டால் மறப்பது குறையும்.

ஒரு நிபந்தனை. குடும்ப ஜெபம் 20 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எட்டரைக்குத் தொடங்கி, அப்பா ஊரில் உள்ள எல்லோருக்காகவும் மன்றாடி முடிக்கையில் மணி பத்தரை ஆகிற வீடுகள் உண்டு. அங்கே மன்றாட்டை மாலைக்கு மாற்றுங்கள், இரவுக்கு ஒரு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் போதும்.

அதிகாலை நான்கு மணி ஜெபம் கூடவே கூடாது என்பதில்லை. இரவு எட்டரை ஒன்பதுக்குள் தூங்கி, ஞாயிறு உட்பட ஏழு நாளும் அதே நேரத்தில் எழ முடிந்தால் செய்யலாம். பதினோரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு அலாரம் வைக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. அலாரம் இல்லாமல் மூன்று மணிக்கே விழிப்பு வந்து, ஜெபிக்க ஆசையும் உடம்பில் தெம்பும் பொங்கினால் அதைத் தினக்குறிப்பில் அறிகுறியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மனம் தாழும் பருவத்தில் விடாமல் பிடிக்க வேண்டியது எழும் நேரம். எழும்பும் பருவத்தில் பிடிக்க வேண்டியது படுக்கும் நேரமும் அதற்கு முந்தைய இருட்டும். எல்லாவற்றையும் ஒரே கெடுபிடியாகச் செய்யப் பார்த்தால் எதுவும் நிற்காது.

லெந்தும் வெயிலும் லித்தியமும்

ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். தாமதமாக வரும் ஆண்டுகளில் உபவாச நாட்கள் நேராக வெயிலுக்குள் போய் விழும். லித்தியம் (பைபோலாரில் மனநிலையை நிலைநிறுத்தக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

லித்தியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் அளவு ஏறும். பராமரிப்புக்குப் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லி ஈக்விவலன்ட் போதும், சிலருக்கு 1.0 வரை வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நச்சு. வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே தொல்லை தொடங்கலாம்.

கை நடுக்கம் பெரிதாகி டம்ளர் தளும்புவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறல், தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை நச்சு ஏறுவதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் மருத்துவரை அழையுங்கள். அன்றே லித்தியம் அளவும் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அழைப்புக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சாம்பல் புதனுக்கு (லெந்து தொடங்கும் நாள்) இரண்டு வாரம் முன்பே செய்ய வேண்டியவை:

1. இரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன்பு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். இன்னொரு பிழை ஆய்வகத்தில் நடக்கும்: லித்தியம் ஹெப்பாரின் பூசிய பச்சை மூடிக் குழாயில் எடுத்தாலும் அளவு ஏறித் தெரியும். குழாயின் மூடி நிறத்தை நீங்களே பார்த்துக் கேட்கலாம், தவறில்லை. தைராய்டு, கிரியேட்டினின், கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

2. வலி மாத்திரைகளைப் பிரித்து வையுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் லித்தியத்தை ஏற்றும். தலைவலிக்கும் கால்வலிக்கும் பாராசிட்டமால். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற பிரஷர் மாத்திரைகளும் ஏற்றுபவைதான். இரண்டு மருத்துவர்களுக்கும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. தண்ணீர். இருதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்குக் கோடையில் நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர், இடையிடையே உப்புப் போட்ட மோர். உப்பைத் திடீரென்று விடவும் கூடாது, திடீரென்று அள்ளிப் போடவும் கூடாது.

உபவாசத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று காபி. லெந்து நாட்களில் காபி, டீ விடுவது நம்மிடம் சாதாரணம். நாளுக்கு நாலு காபி குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், காபியால் சிறுநீரில் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்த லித்தியம் உள்ளேயே தங்கி அளவு ஏறும். விட வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறைத்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். ஈஸ்டருக்குப் பின் திடீரென்று பழையபடி குடித்தால் அளவு இறங்கும், அதையும் யோசிக்க வேண்டும்.

தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் லித்தியம் சாப்பிடுபவருக்கு ஒருநாளும் வேண்டாம். மற்ற மாத்திரைகளிலும் சிக்கல் உண்டு. லூராசிடோனை 350 கலோரிக்குக் குறையாத சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். நாலு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால் என்றால் ஏறக்குறைய அந்த அளவு வரும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். வால்ப்ரோயேட் வெறும் வயிற்றைப் புரட்டும். (கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் வால்ப்ரோயேட் பற்றித் தனியாகப் பேச வேண்டும், குழந்தைக்கு அது ஆபத்தானது. ஆனால் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது.) லாமோட்ரிஜின் சில நாட்கள் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம், கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டியிருக்கும்.

உபவாசமே இல்லாத லெந்து வெறுமையாக இருக்கிறது என்பவர்களுக்கு: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒருசந்தியை (நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு) சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாளுக்கு மட்டுமே, 18 முதல் 59 வயதுவரை கேட்கிறது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. புரொட்டஸ்டன்ட் சபைகளில் அது அவரவர் மனச்சாட்சி. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டே இறைச்சியை விடலாம், இனிப்பை விடலாம். இரவு எட்டு மணிக்கு மேல் கைப்பேசியை விடுவது பைபோலார் உள்ளவருக்கு எந்த ஒருசந்தியைவிடவும் கடினமான ஒறுத்தல், பலனும் அதில்தான் அதிகம்.

இரவு ஆராதனைகள்

முழு இரவு ஜெபம் வேண்டாம். இதில் நடுவழி இல்லை. மாத்திரையை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, விடிய விடிய சத்தமாகப் பாடி முடித்த ஒரே இரவில் ஹைபோமேனியா மேனியாவாக மாறிவிடலாம்.

மற்றவற்றில் தேர்ந்தெடுக்கலாம். கேரல் ரவுண்ட்ஸ் பத்து நாள் நடக்கிறது என்றால், வீட்டருகே உள்ள தெருக்களுக்கு ஏழு மணிக்குக் கிளம்பும் முதல் சுற்றில் மட்டும் சேர்ந்து பத்து மணிக்குள் வீடு திரும்புங்கள். பாடகர் குழுவில் இருப்பவர் ஒத்திகை நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கும் மறுநாள் காலைப் பூசைக்கும் கடமையில் வேறுபாடு இல்லை. 31 இரவு ஆராதனைக்கும் ஜனவரி 1 அதிகாலை உடன்படிக்கை ஆராதனைக்கும் இரண்டுக்குமே போகாதீர்கள், புத்தாண்டு முற்பகல் ஆராதனை இருந்தால் அதுவே மேல். வாக்குத்தத்த வசன அட்டையை வீட்டார் வாங்கி வரட்டும்.

போயே ஆக வேண்டும் என்று முடிவானால், டிசம்பர் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம், "அன்று இரவு மாத்திரை எத்தனை மணிக்குப் போடுவது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். க்வெட்டியாபின் போன்ற மாத்திரைகள் தூக்கம் தருவதால், ஆராதனைக்காக அன்று அதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். தூக்கம் போனதோடு மருந்தும் போகிற அந்த இரவுதான் மோசம். மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்திருங்கள். திரும்பியதும் பேச்சு வேண்டாம், பலகாரம் வேண்டாம், மாத்திரை போட்டுவிட்டு இருட்டறையில் படுங்கள். மறுநாள் உறவினர் வீடுகளுக்குப் போவதை ஒத்திவைத்து, இரவு ஒன்பதுக்குப் படுக்கை. அடுத்தடுத்து இரண்டு இரவு கண்விழிப்பு எக்காரணத்துக்கும் இல்லை.

அதற்கடுத்த இரண்டு நாளும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தூக்கம் குறைந்த இரவுக்குப் பிறகு மதியம் அசதி வருகிறதா? வந்தால் உடம்பு சரியாக இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இரண்டு இரவு தூங்கியும் தெம்பு குறையவே இல்லை என்றால் மருத்துவரை அன்றே அழையுங்கள்.

வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழாவரை கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். சென்னையிலிருந்து என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல். வியர்வை, அரைத் தூக்கம், கால்வலிக்கு வழியில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் மூன்றும் லித்தியத்துக்கு எதிரிகள். பேருந்தில் போய் மாதாவைப் பார்த்துவிட்டு இரவுக்குள் அறைக்குத் திரும்புங்கள்.

ஆவியில் அனலா, மேனியாவா?

மேனியா அவரவர் மனதில் ஏற்கெனவே இருக்கிற விஷயத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். வியாபாரிக்குப் புதிய தொழில் திட்டமாக வரும், விசுவாசிக்கு ஊழிய அழைப்பாகவும் தரிசனமாகவும் வரும். விசுவாசம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த வாரத்து முடிவுகளை அந்த வாரமே செயல்படுத்தக் கூடாது என்பதுதான் விஷயம்.

பக்தி ஆழமாகிறவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார், மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். "கொஞ்சம் பொறு" என்றால் பொறுக்கிறார். மேனியாவில் அதே வார்த்தைகள் வேகமாக வரும். சபை வாட்ஸ்அப் குழுவில் இரவு இரண்டரைக்கு வரிசையாகப் பன்னிரண்டு ஆடியோ செய்தி, வேதாகமத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிறக் கோடு, தனக்கு மட்டும் வசனங்களில் ரகசியக் கணக்கு தெரிகிறது என்ற பேச்சு, ஆயரைத் திருத்தும் துடிப்பு, தடுத்த அம்மாவைப் பார்த்து "சாத்தானே" என்ற சீற்றம். எது தேவனிடமிருந்து வந்தது என்று வீட்டில் விவாதித்து ஜெயிக்க முடியாது. தூக்கத்தையும் வேகத்தையும் மட்டும் பேசுங்கள்: "மூணு நாளா நாலு மணி நேரம்கூடத் தூங்கல. டாக்டரப் பாத்துட்டு வந்து பேசலாம்."

சமநிலையில் இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டிய ஒப்பந்தம்:

- 5,000 ரூபாய்க்கு மேல் காணிக்கை, பொருத்தனை, நேர்த்திக்கடன் எதுவானாலும் 48 மணி நேரமும் வீட்டில் ஒருவரின் சம்மதமும். தொகையை உங்கள் வரும்படிக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள்.
- சிவப்பு மாதங்களில் யூபிஐ தினசரி வரம்பைக் குறைத்து வைப்பது.
- வேலையை விட்டு முழுநேர ஊழியம், வேதாகமக் கல்லூரி, திருமணம்: ஒரு முழுப் பருவம் கழிந்து அதே எண்ணம் சமநிலையிலும் இருந்தால் மட்டும்.
- "குணமாகிவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று மேடைச் சாட்சி சொல்வதில்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். சாட்சி சொல்லிவிட்டவருக்குத் திரும்ப மாத்திரை கேட்க வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

மனம் எழும்பத் தொடங்கிய நாட்களில் மாலை வெளிச்சத்தைக் குறைப்பது உதவும். 2016இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், மேனியாவோடு மருத்துவமனையில் இருந்தவர்கள் வழக்கமான மருந்தோடு மாலை 6 முதல் காலை 8 வரை நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி அணிந்தார்கள். ஒரே வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் இதன் எளிய வடிவம்: ஏழரைக்குப் பிறகு டியூப்லைட்டை அணைத்து மஞ்சள் விளக்கு, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடும் ஜெபக் கூட்டங்கள் உட்பட எல்லாத் திரைக்கும் ஓய்வு.

மழைக்காலத்துத் தாழ்வு

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சிலருக்கு மனம் இறங்கும், கிறிஸ்துமஸ் பரபரப்பில் சற்று ஏறி ஜனவரியில் தொப்பென்று விழும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரும் கீர்த்தனை ஆசிரியருமான வில்லியம் கூப்பரை 1773லும் 1787லும் கடும் மனச்சோர்வு ஆட்கொண்டது ஜனவரியில்தான். அந்த மாதத்தை நினைத்தாலே அவர் பயந்தார். இத்தனைக்கும் பக்தியில் குறைவைத்தவர் அல்ல.

மேகமூட்டமான காலையிலும் வெட்டவெளியில் சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், வீட்டுக்குள் விளக்கு போட்டாலும் சில நூறைத் தாண்டாது. மழை விடும் அரைமணி நேரத்தைப் பிடித்து வெளியே நில்லுங்கள். படுக்கையிலேயே ஜெபிப்பதைத் தவிர்த்து எழுந்து உட்கார்ந்து ஜெபியுங்கள், இரண்டு வரி போதும். முடியாத நாளில் வேறொருவர் வாசிக்கக் கேளுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் போலக் கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை. துதி வராத நாளுக்கு அதுவும் ஜெபம்தான். 1 இராஜாக்கள் 19இல் சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். வீட்டார் செய்ய வேண்டியதும் அந்த வரிசைதான்.

மனச்சோர்வில் குற்றவுணர்வு வேதவசனங்களைப் பிடித்துக்கொள்ளும். 'மன்னிக்கப்படாத பாவம்' செய்துவிட்டேன் என்பார், அபாத்திரமாய்ப் பங்குபெற்றுவிடுவேன் என்று திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போய்விடுவார். பாவசங்கீர்த்தனம் செய்தும், மறுநாளே அதே பாவத்தைத் திரும்பச் சொல்ல ஓடுவார். பத்து முறை பதில் சொன்னாலும் தீராத குற்றவுணர்வு நோயின் அறிகுறி, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரையைப் பொது மருத்துவரிடம் தனியாக வாங்கிப் போடாதீர்கள். மனநிலையை நிலைநிறுத்தும் மருந்து இல்லாமல் அது மேனியாவுக்குத் தள்ளிவிடக்கூடும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. மாத்திரைகளை ஒருவார அளவு மட்டும் கையில் விட்டு மீதியைப் பூட்டி வையுங்கள், லித்தியம் அதிகமானால் உயிருக்கு ஆபத்து. பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது. தனியாக விடாதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் எந்த நேரமும் பேசலாம். இலங்கையில் 1926, கனடாவில் 988, பிரிட்டனில் 116 123.

குளிர்நாட்டுத் தமிழர்களுக்கு

லண்டனிலும் டொராண்டோவிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிச்சமே முதல் பிரச்சினை. வெளிச்சப் பெட்டி (முகத்துக்கு முன்னால் வைக்கும் பிரகாசமான விளக்கு) உதவும், ஆனால் பெட்டியோடு வரும் தாளில் உள்ளபடி காலையில் 10,000 லக்ஸ் அரைமணி நேரம் என்று பைபோலார் உள்ளவர் தொடங்கக் கூடாது. சிலரை அது எழுச்சியும் தாழ்வும் சேர்ந்து வரும் கலப்பு நிலைக்குத் தள்ளியிருக்கிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நண்பகல் 12 முதல் இரண்டரைக்குள், 7,000 லக்ஸில், 15 நிமிடத்தில் தொடங்கி வாரம் 15 நிமிடமாகக் கூட்டினார்கள். மேனியாவைத் தடுக்கும் மருந்து கூடவே இருந்தது. மருத்துவர் ஒப்புதலோடு அந்த முறையைப் பின்பற்றலாம். கண்நோய் உள்ளவர் முதலில் கண் மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் குறைந்தாலோ எரிச்சல் ஏறினாலோ அன்றே நிறுத்துங்கள்.

மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவது பெரும்பாலும் லெந்து நாட்களில் வந்து விழுகிறது. நான்கு நாள் முன்பிருந்தே தினம் 15 நிமிடம் முன்னதாகப் படுத்துப் பழகுங்கள். ஊரிலிருந்து ஜூமில் நடக்கும் அதிகாலை நாலு மணி ஜெபம் குளிர்காலத்தில் லண்டனில் இரவு பத்தரை. தூங்கப்போகும் நேரம் அது. பதிவை அனுப்பச் சொல்லி மறுநாள் மதியம் கேளுங்கள்.

ஆயருக்கும் பங்குத்தந்தைக்கும் ஒரு பக்கம்

எல்லாச் சபையிலும் சொல்ல வேண்டும் என்பதில்லை. நம்பக்கூடிய ஒருவர் இருந்தால் சமநிலையில் இருக்கும்போது ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நோயின் பெயர், எழும்பும்போது தெரியும் மூன்று அறிகுறி, தாழும்போது தெரியும் மூன்று, யாரை அழைப்பது, மருத்துவர் எண், பெரிய காணிக்கை வந்தால் வீட்டில் கேட்டுவிட்டு வாங்கும்படி ஒரு வரி. சிவப்பு மாதங்களில் விபிஎஸ் முழுப்பொறுப்பு போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம், நாற்காலி அடுக்கும் வேலையோ குறித்த நேரத்தில் முடியும் வகுப்போ கொடுங்கள் என்றும் எழுதலாம். எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஒதுக்கிவிடுவது வேறு விதமாகக் காயப்படுத்தும்.

பிசாசு பிடித்திருக்கிறது என்று விடுதலை ஜெபத்துக்கு அழைப்பவர்கள் வருவார்கள். யாக்கோபு 5:14 சொல்லும் எண்ணெய் பூசி ஜெபிப்பதற்கும் மாத்திரைக்கும் எந்தச் சண்டையும் இல்லை. ஏசாயா 38இல் எசேக்கியாவுக்கு வாக்குத்தத்தமும் கிடைத்தது, அத்திப்பழ அடையும் வைக்கப்பட்டது. ஜெபம் ஆயரின் வேலை, மாத்திரையை நிறுத்தச் சொல்வது அவர் வேலையல்ல. நோயாளியைப் பட்டினி போட்டு, சத்தமிட்டு, இரவெல்லாம் விழிக்க வைக்கும் இடத்திலிருந்து உடனே கூட்டி வாருங்கள். எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உடல்நலமாக இருக்கும்போதே எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்க 14ஆம் பிரிவு இடம் தருகிறது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம் போன்ற இடங்களில் வீட்டார் ஒருவர் கூடவே தங்கி நோயைப் பற்றிக் கற்றுக்கொள்ள முடிகிறது.

ஆண்டுக்கு இரண்டு முறை திருப்பிப் பார்ப்பது

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரமும் ஜனவரி மூன்றாம் வாரமும் வரைபடத்தை எடுங்கள். அந்தப் பருவத்தில் எத்தனை இரவு ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்கினீர்கள், எந்த நிகழ்ச்சியை ஒட்டி, மாத்திரை எத்தனை நாள் தவறியது, லித்தியம் அளவு எவ்வளவு என்று நான்கு வரி எழுதிப் பழைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளையே கொண்டுபோங்கள், பத்து நிமிடச் சந்திப்பில் வாயால் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும். சபை நாட்காட்டி அச்சாகி வந்தவுடன் அடுத்த சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முந்தைய ஒரு காலை 9 மணியை இரத்தப் பரிசோதனைக்கும், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாளை மருத்துவரைப் பார்ப்பதற்கும் அதிலேயே பேனாவால் குறித்து விடுங்கள்.